மொட்டை முதலில், இரண்டாவது சிட்டிங் அப்புறம்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 33. சொந்த ஊர் குடியாத்தம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். போன ஏப்ரல் கடைசியில் சென்னையில் ஒரு சென்டரில் ஹேர் ட்ரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டேன். பின்தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முன்பக்கமும் உச்சியும் சேர்த்து 3,000 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக்கொத்து) வைத்ததாகச் சொன்னார்கள். எட்டு மாதம் ஆகப்போகிறது. ஆறாம் மாதம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது மறுபடி கொட்டுகிறது. வெயிலில் நின்றால் மண்டைத்தோல் தெரிகிறது. உச்சியில் ஒரு மாற்றமும் இல்லை. சென்டரில் கேட்டால், இரண்டாவது சிட்டிங்கில் உச்சிக்கு 3,500 கிராஃப்ட் வைத்தால் ஃபுல்லாகிவிடும் என்கிறார்கள். டிசம்பர் 31-க்குள் முன்பணம் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடியாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆண்மை போய்விடும் என்று நண்பர் சொன்னதால் இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டாவது குழந்தைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் செப்டம்பர் கடைசியில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அப்பாவும் தாய்மாமனும் முழு வழுக்கை. ராணிப்பேட்டைத் தண்ணீரும் ஒரு காரணமா? இன்னொரு சிக்கல்: தை மாதம் பையனுக்குத் திருப்பதியில் முதல் மொட்டை. அப்பனும் மகனும் சேர்ந்து போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார். நட்ட முடிக்கு மொட்டை போடலாமா? மனைவி, இப்படியே நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள். படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தம்பி, முன்பணம் கட்டாதீர்கள். மீதியெல்லாம் நிதானமாகப் பேசலாம், அது மட்டும் 31-ஆம் தேதிக்குள் முடிவாக வேண்டிய விஷயம் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது 3,500 கிராஃப்ட்டும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன டெங்கு. பெரிய காய்ச்சல், டைபாய்டு, ஆபரேஷன், பிரசவம் என்று உடம்பை உலுக்கும் எது வந்தாலும், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் தோலிலேயே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் கொத்துக் கொத்தாக வரும். அதனால்தான் காய்ச்சலையும் கொட்டலையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. காய்ச்சல் வந்ததே அதற்குள் மறந்திருக்கும். செப்டம்பர் கடைசியில் காய்ச்சல், டிசம்பரில் கொட்டல். கணக்கு அப்படியே பொருந்துகிறது. மழைக்காலத்தில் டெங்கு பரவினால், மார்கழி தையில் வேலூரில் என் கிளினிக் வாசலில் தலைமுடிக்காரர்கள் கூட்டம் இருக்கும். பாதிப்பேர் பெண்கள். வழுக்கைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இருக்காது.

இந்த வகைக் கொட்டலில் வேர் சாவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்று, முடி திரும்ப முளைக்கும். நட்ட முடியும் இதற்கு விலக்கு இல்லை, அதுவும் உடம்பின் முடிதானே. ஆக, இன்று கண்ணாடியில் நீங்கள் பார்ப்பது ட்ரான்ஸ்பிளான்ட்டின் முடிவை அல்ல. காய்ச்சல் அடித்துப்போட்ட தலையைப் பார்க்கிறீர்கள். அதை வைத்து இன்னொரு ஆபரேஷனை முடிவு செய்வது, புயல் அடித்த மறுநாள் தோப்புக்கு விலை பேசுவது மாதிரி.

காய்ச்சலை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எட்டாம் மாதம் சீக்கிரம்தான். நட்ட முடி முதல் மாதத்திலேயே பெரும்பாலும் உதிர்ந்துவிடும், அது உங்களுக்கே தெரியும். மூன்று நான்கு மாதத்தில் புதிதாக முளைக்கத் தொடங்கும். முதலில் வருவது மெல்லிசாக, சுருண்டு, பூனைமுடி மாதிரி இருக்கும். அது தடித்து நேராக ஒரு வருடம் ஆகிவிடும். உச்சி இன்னும் தாமதம், பதினைந்து முதல் பதினெட்டு மாதம்கூடப் பிடிக்கும். உங்களுக்கு ஒரு வருடம் முடிவதே வரும் ஏப்ரலில்தான். உச்சிக்கு அடுத்த ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அவகாசம் இருக்கிறது. அதற்கு முன் உச்சியில் எதுவும் வரவில்லை என்று யார் சொன்னாலும், சொல்பவருக்கு ஏதோ அவசரம் என்று அர்த்தம்.

காத்திருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்னும் முளைக்காத வேர்கள் தோலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்கும். புதிய கிராஃப்டுக்குக் கீறல் போடும் கத்திக்கு அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாது. நடப்போகிற இடத்தில் ஏற்கெனவே நட்டதை வெட்டுகிற வேலை அது.

இதை நான் பாடமாகப் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் வாணியம்பாடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். முதல் ட்ரான்ஸ்பிளான்ட் முடிந்து ஒன்பது மாதம். இன்னும் ஆறு மாதத்தில் கல்யாணம், முன்பக்கம் இன்னும் கொஞ்சம் அடர்த்தி வேண்டும் என்றார். வீட்டில் எல்லோரும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கும் அந்த வயதில் முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. 1,200 கிராஃப்ட் வைத்தேன். கல்யாண ஃபோட்டோவில் அழகாகத்தான் இருந்தார், இனிப்புப் பெட்டியோடு வந்து நன்றி சொன்னார். அந்த அடர்த்தியில் எவ்வளவு என்னால் வந்தது, எவ்வளவு தானாகவே வந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. உச்சி வெட்டவெளி. அங்கே வைக்கப் பின்தலையில் சரக்கு இல்லை. அந்த 1,200-ஐ நான் பத்திரமாக விட்டுவைத்திருக்கலாம்.

இரண்டாவது சிட்டிங் பற்றிய எல்லாப் பேச்சும் கடைசியில் இந்தப் பின்தலைச் சரக்கில்தான் வந்து நிற்கும். 1959-இல் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற நியூயார்க் தோல் மருத்துவர் ஒரு விஷயத்தை எழுதினார்: பின்தலை முடியை எடுத்து வழுக்கையில் நட்டாலும் அது பின்தலை முடியாகவே வாழும், நட்ட இடத்தின் குணம் அதற்கு ஒட்டாது. இந்தத் தொழில் முழுக்க அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. ஆனால் விளம்பரத்தில் வராத மறுபாதி ஒன்று உண்டு. எடுத்த இடத்தில் அது திரும்ப முளைக்காது. நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஏரிப்பாசனம் தெரியும். பின்தலை ஒரு ஏரி, ஆனால் மழையே பெய்யாத ஏரி. ஒரு முறை மதகைத் திறந்துவிட்டால் போனது போனதுதான். எந்தக் கழனிக்கு விடுவது, எப்போது விடுவது என்பதுதான் கேள்வி.

உங்கள் ஏரியில் எவ்வளவு இருக்கிறது? நல்ல அடர்த்தியான பின்தலை உள்ளவருக்கு ஆயுள் முழுக்க எடுக்கக்கூடியது குத்துமதிப்பாக 5,000, 6,000 கிராஃப்ட். எல்லோருக்கும் அவ்வளவு கிடைக்காது. அதில் 3,000 போய்விட்டது என்கிறீர்கள். மிச்சம் 2,000, மிஞ்சினால் 3,000. உங்கள் சென்டர் 3,500 எடுப்பதாகச் சொல்கிறது. எங்கிருந்து எடுப்பார்கள் என்று கேட்டீர்களா? ஒன்று, பின்தலையை எலி கடித்த மாதிரி திட்டுத் திட்டாக ஆக்குவார்கள். இல்லையென்றால் பத்திரமான எல்லையைத் தாண்டி, மேலே உச்சிப்பக்கமோ கீழே கழுத்துப்பக்கமோ போய் எடுப்பார்கள். அந்த இடத்து முடி உங்களுக்கு ஐம்பது வயதாகும்போது அங்கேயே இருக்காது. எடுத்து நட்டால் நட்ட இடத்திலும் இருக்காது.

பத்திரமான எல்லை எதுவென்று எப்படித் தெரியும் என்றால், அப்பாவைப் பாருங்கள். மனை வாங்குமுன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம் இல்லையா, உங்கள் தலைக்கு அது அப்பாவும் தாய்மாமனும்தான். வழுக்கை தாய்மாமன் வழியாக மட்டும் வரும் என்று ஊரில் சொல்வார்கள், உண்மையில் இரண்டு பக்கமும் வரும். காதுக்கு மேலே குதிரை லாடம் போல ஒரு பட்டை முடி அவர்களுக்கு மிச்சம் இருக்குமே, அது எத்தனை விரல் அகலம் என்று பாருங்கள். நான்கு விரல் என்றால் நிம்மதி. இரண்டே விரல், அதுவும் மெல்லிசு என்றால், இரண்டாவது சிட்டிங்கை மறந்துவிடுவதே நல்லது. எனக்கு அப்படித்தான். நான் முழு வழுக்கை. நோயாளிகள் என் தலையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். டாக்டரே செய்துகொள்ளவில்லையே என்று கேட்பவர்களுக்கு என் அப்பாவின் ஃபோட்டோவைக் காட்டுவேன்.

அடுத்து, ஏன் மண்டைத்தோல் தெரிகிறது. படங்களை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். முன்பக்கமும் நடுவும் ஒரு 80 சதுர செ.மீ., உச்சி 50, மொத்தம் 130. அதில் 3,000 கிராஃப்டைப் பரப்பினால் சதுர செ.மீ.க்கு 23. இயற்கையில் அந்த இடத்தில் 70, 80 இருந்திருக்கும். பாதி அளவு இருந்தாலே கண்ணுக்கு முழுசாகத் தெரியும் என்பதால் நாங்கள் 35, 40-ஐத்தான் குறிவைப்போம். உங்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூட விழவில்லை. நட்டது அத்தனையும் பிழைத்தாலும் வெயிலில் தோல் தெரியத்தான் செய்யும். குறை முளைப்பதில் இல்லை, பங்கீட்டில். முன்பக்கத்துக்கு மட்டும் விட வேண்டிய தண்ணீரை இரண்டு கழனிக்கும் பிரித்துவிட்டார்கள்.

உச்சி கிராஃப்டை விழுங்குகிற இடம். அங்கே முடி சுழியிலிருந்து நாலாபக்கமும் விலகிப்போகும், ஒன்றன்மேல் ஒன்று படியாது. ஓலை வேய்ந்த மாதிரி முன்னந்தலை முடி ஒன்றை ஒன்று மூடிக்கொள்ளும், உச்சியில் அந்த உதவி கிடையாது. ரெட்டைச் சுழிக்காரர்களுக்கு இன்னும் மோசம். (ரெண்டு கல்யாணம் நடக்கும் என்பது பொய், ரெண்டு மடங்கு கிராஃப்ட் செலவாகும் என்பது நிஜம்.) போதாக்குறைக்கு உச்சி வழுக்கை வயதாக ஆக வட்டமாக விரிந்துகொண்டே போகும். 33 வயதில் நடுவில் ஒரு தீவை நட்டுவிட்டால், 45 வயதில் அந்தத் தீவைச் சுற்றி வெறும் அகழி. வேலூர்க்காரர்களுக்கு அகழி எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டாம். அதனால் என் பழக்கம் இது: நாற்பதுக்குக் கீழே உள்ளவருக்கு, குடும்பத்தில் பெரிய வழுக்கை இருந்தால், உச்சியில் கை வைப்பதில்லை. மிச்சம் இருப்பது முன்பக்கத்துக்கு. முகத்துக்குச் சட்டம் போடுவது அதுதான். உச்சியை நீங்கள் கண்ணாடியில் பார்ப்பதுகூட இல்லை.

இப்போது மாத்திரை. இரண்டாவது சிட்டிங் கேட்டு வருபவர்கள் பலரிடம் நான் பார்ப்பது, நட்ட முடி அப்படியே இருக்கும், அதைச் சுற்றியிருந்த சொந்த முடிதான் போயிருக்கும். ட்ரான்ஸ்பிளான்ட் வழுக்கையை நிறுத்தாது. வெறும் நிலத்தில் நாற்று நடும் வேலை அது, அவ்வளவுதான். பக்கத்தில் கரைந்துகொண்டிருக்கும் கரையைக் காப்பது மருந்தின் வேலை. மருந்தை நிறுத்திவிட்டு இரண்டாவது சிட்டிங் செய்தால் மூன்றாவதும் கேட்கும், அதற்கு ஏரியில் தண்ணீர் இருக்காது.

உங்களுக்குக் கொடுத்தது ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. என்று சீட்டில் பார்த்தேன். ஆண்களின் வழுக்கைக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி கிடைத்த மருந்து. பயம் பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆசை குறைதல், விறைப்பு குறைதல் ஆகியவை நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வருகின்றன. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும், நிறுத்திய பின்னும் தொடர்ந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. மனச்சோர்வும், அரிதாகத் தற்கொலை எண்ணமும் வரலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ மனச்சோர்வு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மனசு கனத்தால் அன்றே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். இதெல்லாம் ஒரு பக்கம். ஆனால் நண்பர் சொன்னதற்காக நிறுத்தியது சரியில்லை, உங்களுக்கு ஏதாவது வந்ததா என்று பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும். கடிதத்தில் எதுவும் வந்ததாக எழுதவில்லையே.

இரண்டாவது குழந்தை விஷயம் நியாயமான கேள்வி. விந்தில் கலக்கும் மருந்தின் அளவு மிகச் சொற்பம், அதனால் மனைவிக்கோ கருவுக்கோ கெடுதல் வரும் என்று கருதப்படுவதில்லை. ஆனால் சிலருக்கு விந்தின் அளவும் எண்ணிக்கையும் குறையலாம். நிறுத்தினால் திரும்பிவிடும். முதல் குழந்தை சிரமமில்லாமல் பிறந்ததால் எனக்குக் கவலை குறைவு, இருந்தாலும் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொண்டு தொடங்கலாம். ஆறு மாதம் பார்த்தும் கரு தங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். அல்லது மனசு ஒப்பவில்லை என்றால் இரண்டாவது குழந்தை வரட்டும், அதுவரை முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில் மட்டும் போதும். எனக்கு அதிலும் ஆட்சேபமில்லை. கர்ப்பிணிகள் உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையைத் தொடக்கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும். டப்பாவை உங்கள் அலமாரியிலேயே வையுங்கள்.

மினாக்ஸிடில் தொடங்கினால் முதல் ஒன்றிரண்டு மாதம் கொஞ்சம் கொட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று, கைக்குழந்தை உள்ள வீட்டில் கட்டாயம் சொல்வேன். மருந்து காயாத தலையோடு பையனைக் கொஞ்ச வேண்டாம், உங்கள் தலையணையில் அவனைப் படுக்கவைக்க வேண்டாம். அப்பா தடவிய மினாக்ஸிடில் பட்டுப் பட்டு, கைக்குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்தது ஐரோப்பாவில் பதிவாகியிருக்கிறது. தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எந்த மருந்தானாலும் பலன் தெரிய ஆறு மாதம், சரியாகக் கணிக்க ஒரு வருடம். ஆக என் கணக்கு இப்படி. மருந்து இப்போதே. காய்ச்சல் கொட்டல் மார்ச், ஏப்ரலில் அடங்கும். அடுத்த டிசம்பரில் உட்கார்ந்து பேசுவோம். அப்போது காய்ச்சல் விளைவு போயிருக்கும், உச்சி தன் முழு அவகாசத்தையும் எடுத்துக்கொண்டிருக்கும், மருந்துக்கும் ஒரு வருடம் ஆகியிருக்கும். அன்றைக்கும் முன்பக்கம் உங்களை உறுத்தினால், 1,000 அல்லது 1,200 கிராஃப்ட், முன்பக்கத்துக்கு மட்டும். அதற்குமேல் போக வேண்டாம். உச்சிக்கு வேண்டுமானால் பின்னாளில் தாடியிலிருந்து எடுத்துக் கலந்து வைக்கலாம். தாடி முடி தடிமனானது, உச்சிக்குப் பரவாயில்லை, நெற்றியோரத்துக்கு ஆகாது. தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் அதுவும் வேண்டாம்.

செய்வதாக இருந்தால் மார்கழி, தையில் செய்துகொள்ளுங்கள். நம் ஊர் கத்திரி வெயிலில் புதுத் தலையோடு அலைவது கொடுமை. பத்துப் பதினைந்து நாள் ஹெல்மெட் போட முடியாது, ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டவும் கூடாது. அதுவரை பஸ்தான்.

சரி, மொட்டைக்கு வருவோம். தாராளமாகப் போடுங்கள். சவரக்கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் வெட்டுகிறது, வேர் அதற்குப் பல மி.மீ. கீழே இருக்கிறது. எட்டு மாதத்தில் நட்ட வேர் நன்றாக ஊன்றியிருக்கும். மாதம் ஒரு செ.மீ. கணக்கில் திரும்ப வளர்ந்துவிடும். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், அது மட்டும் நடக்காது.

உண்மையைச் சொன்னால், உங்கள் அம்மாவின் வேண்டுதல் எனக்குப் பெரிய உதவி. முடி வளர்ந்த தலையில் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஃபோட்டோவில் தெரியாது. மொட்டை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். எடுத்த இடமெல்லாம் ஒரு மி.மீ.க்கும் குறைவான வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சீராகப் பரவியிருக்கிறதா, ஒரே இடத்தில் சுரண்டியிருக்கிறார்களா, எல்லை தாண்டியிருக்கிறார்களா, எல்லாம் தெரிந்துவிடும். 3,000 என்றார்களே, அது 3,000 கிராஃப்டா இல்லை 3,000 முடியா என்பதற்கும் ஒரு உத்தேசம் கிடைக்கும். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும், சில இடங்களில் முடியை எண்ணிக் கிராஃப்ட் என்று சொல்லிவிடுகிறார்கள். சென்டரிலிருந்து ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு முடி கிராஃப்ட் எத்தனை, இரண்டு முடி எத்தனை, மூன்று முடி எத்தனை என்று அதில் இருக்க வேண்டும். தர மாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மொட்டை போட்ட பத்தாம் நாள் யாராவது ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அன்றைக்கு முடி மூன்று மி.மீ. உயரம் இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்க்கச் சரியான அளவு. பின்தலையிலேயே மெலிந்த முடிகள் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால், ஏரியே வற்றுகிறது என்று பொருள், இனி யாரையும் அங்கே கை வைக்க விடாதீர்கள். நட்ட முடியைச் சுற்றிச் சிவப்பு, செதில், அரிப்பு இருந்தாலும் சொல்லுங்கள். வேரைத் தழும்பாக்கும் சில நோய்கள் அப்படித்தான் தொடங்கும், அதற்குச் சின்னதாகத் தோல் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அந்த நோய் இருக்கும்போது நடுவது வீண். அப்படியே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பார்த்துவிடலாம்.

தண்ணீர் கேட்டிருந்தீர்கள். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு செய்த கேடு ஊரறிந்தது, அதில் நான் யாருக்கும் நற்சான்று தரப்போவதில்லை. போர்வெல் உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், உடைக்கவும் செய்யும். ஆனால் உங்கள் வழுக்கைக்கு அது காரணமில்லை. அதே தண்ணீரில்தான் உங்கள் பின்தலையும் குளிக்கிறது, உங்கள் மனைவியும் குளிக்கிறார்.

அடுத்த டிசம்பரில் எங்கே செய்வதாக இருந்தாலும் ஒன்றைக் கேட்காமல் விடாதீர்கள்: முடியை எடுப்பதும் கீறல் போடுவதும் யார்? 2016-இல் சென்னையில் ட்ரான்ஸ்பிளான்ட்டுக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார், செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். தலை முழுக்க மரத்துப்போக ஊசி போடுவது சாதாரண விஷயமில்லை. முறையான பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி சொன்னதைக் கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். கம்பெனியில் சொட்டை என்று கூப்பிடுகிறவர்கள் பற்றி எழுதவில்லை, ஆனால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஊகிக்கிறேன். தையில் மொட்டையோடு அங்கே போய் ஒரு மாதம் இருந்து பாருங்கள். நம் பக்கத்தில் திருப்பதி மொட்டையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு மாதம் எப்படி இருந்தது என்பதையும் அடுத்த டிசம்பரில் எனக்குச் சொல்லுங்கள்.

போகும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். முடி எடுத்த பின்தலையில் மரத்த உணர்வு இன்னும் இருக்கலாம், கத்தி பட்டாலும் தெரியாது. அதனால் அந்த இடத்தில் மெதுவாக வழிக்கச் சொல்லுங்கள். சந்தனம் பூசலாம். வெயிலில் தொப்பி போடுங்கள். சிராய்ப்பு ஆறும்வரை மூன்று நாள் மினாக்ஸிடில் வேண்டாம். திருமலையில் கல்யாணக் கட்டாவில் ஆளுக்கு ஒரு புது பிளேடு தருவார்கள். உங்களுக்கும் பையனுக்கும் தனித்தனியாக மாட்டுகிறார்களா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அவனை உட்காரவைத்துவிடுங்கள், உங்கள் தலையைப் பார்த்தபின் அவன் உட்கார மாட்டான்.